சிம்ஸ் ஆட்டத்தில் வேலூர்க் குடும்பம் ஒன்றை நடத்த முடியுமா?

27 ஏப்ரல் 2025, வாசகர் ஒருவரின் கேள்வி

விடுமுறை தொடங்கியதிலிருந்து என் மகள் தி சிம்ஸ் ஆட்டத்திலேயே இருக்கிறாள். கேட்டால், குடும்ப நிர்வாகம் கற்றுக்கொள்கிறேன் என்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சொப்புச் சாமான் விளையாட்டைக் கணினிக்குள் கொண்டுபோய் வைத்தது போலத்தான் இருக்கிறது. காசு தீர்ந்தால் ஏதோ ஒரு சொல்லைத் தட்டுகிறாள். ஐம்பதாயிரம் வந்து விழுகிறது. இதில் நிர்வாகம் எங்கே இருக்கிறது? நம் பக்கத்துக் குடும்பம் ஒன்றை அதில் நடத்திக் காட்ட முடியுமா?

27 ஏப்ரல், இரவு

சொப்பு என்றது பொருத்தம்தான். வில் ரைட் இதை உருவாக்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அதற்குப் பொம்மை வீடு என்றே பெயர் வைத்திருந்தார். 1991இல் கலிபோர்னியாவின் ஓக்லாந்து மலைப்பகுதியில் பரவிய பெருந்தீயில் அவருடைய வீடு எரிந்துபோனது. எல்லாவற்றையும் புதிதாக வாங்க வேண்டிய நிலையில், ஒரு வீட்டுக்கு உண்மையிலேயே எந்தெந்தப் பொருள் தேவை, ஏன் தேவை என்று யோசிக்கத் தொடங்கியதிலிருந்து பிறந்த ஆட்டம் இது. முதலில் அவர் நினைத்தது வீடு கட்டும் ஆட்டத்தைத்தான். கட்டிய வீடு வாழத் தகுந்ததா என்று சோதித்துச் சொல்வதற்காக மட்டுமே உள்ளே மனிதர்களை விட்டார். அந்த மனிதர்கள் வீட்டை விடச் சுவாரசியமாக இருந்ததால் ஆட்டத்தின் மையம் மாறியது. 2000 பிப்ரவரியில் அது வெளிவந்தது.

ஆட்டத்தின் மனிதர்களுக்குச் சிம் என்று பெயர். முதல் ஆட்டத்தில், சமைக்கத் தெரியாத சிம் ஒருவரை மலிவான அடுப்பின் முன் நிறுத்தினால் சமையலறை தீப்பிடிக்கும். புகையுணர் கருவியை வாங்கி மாட்டியிருந்தால் மட்டுமே தீயணைப்பு வண்டி தானாக வரும். வீடு எரிந்ததைக் கண்ட ஒருவர் எழுதிய விதி என்று தெரிந்து ஆடும்போது அந்தச் சிறு கருவியின் விலை பெரிதாகத் தெரிவதில்லை.

பணம் பற்றி: ஐம்பதாயிரம் தரும் அந்தச் சொல்லைத் தட்டாமலும் ஆடலாம். ஆனால் பணத்தை வைத்து இந்த ஆட்டத்தை எடைபோட முடியாது என்பதே என் எண்ணம். இதில் உண்மையாகத் தட்டுப்படுவது நேரம்.

28 ஏப்ரல்

நேரம் என்று நான் சொன்னதை விளக்கச் சொல்லி இருவர் கேட்டிருக்கிறார்கள்.

சாதாரண வேகத்தில், நமக்கு ஒரு நொடி கழிந்தால் சிம்முக்கு ஒரு நிமிடம் கழிகிறது. அதாவது அவர்களுடைய ஒரு நாள் நம்முடைய 24 நிமிடம். இந்த வரிசையில் நான்காவதாக வந்த ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஆறு தேவைகள் உண்டு: பசி, தெம்பு, கழிவறை, கேளிக்கை, உறவாடல், தூய்மை. ஆறும் இடைவிடாமல் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் மேலே ஏற்ற நேரம் வேண்டும். படுக்கையறையிலிருந்து அடுக்களைக்கு நடப்பதற்குக் கூட நேரம் போகும். ஒரு தட்டைக் கழுவுவதற்கும் போகும். பிள்ளைகளுக்குப் பள்ளி காலை எட்டு மணிக்கு. குளியலறை ஒன்றுதான் என்றால், ஆறரைக்கு எழுந்த நான்கு பேரில் கடைசி ஆள் குளிக்காமலே கிளம்புவார்.

இதைப் பணத்தால் தீர்க்கலாம் என்று ஆட்டம் நம்மைத் தூண்டுகிறது. விலை கூடிய கட்டில் விரைவாகத் தெம்பு தரும். ஐம்பதாயிரத்தால் வாங்கக் கூடியதும் கடைசியில் சில மணி நேரங்களைத்தான். சொல்லைத் தட்டாமல் ஒரு வாரம் நடத்திப் பார்த்தால், ஒரு வீட்டில் யாருடைய மணி நேரத்தை யார் தின்கிறார்கள் என்பது கண்முன்னே தெரியும். மகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம்.

1 மே

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன். நம் பக்கத்துக் குடும்பத்தை நடத்திக் காட்டச் சொன்னீர்கள். விடுமுறை நாளாகையால் தோட்டப்பாளையத்தில் நான் வளர்ந்த வீட்டையே கட்டத் தொடங்கினேன். முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், பின்கட்டில் கிணறு. சுவரும் தூணும் நினைத்தது போலவே வந்தன. முற்றத்தின் மேல்தளத்தை எடுத்துவிட்டதும் வெயில் நேராகத் தரையில் விழுந்தது. அதைப் பார்க்க அவ்வளவு நன்றாக இருந்தது.

ஆட்களைக் குடியேற்றும்போதுதான் தடை வந்தது. ஒரு குடும்பத்தில் எட்டுப் பேருக்கு மேல் இருக்க ஆட்டம் அனுமதிப்பதில்லை. எங்கள் வீட்டில் தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி, அவர்கள் பிள்ளைகள் இருவர், நான், தம்பி, கணவரை இழந்து வந்த அத்தை என்று பதினொரு பேர் இருந்தோம். யாரை விடுவது? சித்தப்பா குடும்பத்தைப் பக்கத்து மனையில் தனிக் குடும்பமாக வைத்தேன். உடனே அவர்கள் அயலார் ஆகிவிட்டார்கள். வாசல் மணியை அடித்துவிட்டு நிற்கிறார்கள். நான் உள்ளே அழைத்தால்தான் வருகிறார்கள். சித்தியின் பையனுக்குப் பசித்தால் எனக்குத் தெரியாது, அவனுடைய தேவைகளைக் காட்டும் அளவுக்கோடு என் திரையில் இல்லை. எங்கள் வீட்டில் அவனுக்குப் பசிக்கிறது என்பது அவன் அம்மாவை விட என் அம்மாவுக்குத்தான் முதலில் தெரியும்.

1 மே, பின்னர்

பதினொரு பேரையும் ஒன்றாக வைக்க மாட் (ஆட்டத்தின் விதிகளை மாற்றும் சேர்க்கை) இருக்கிறதே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கிறது. எண்ணிக்கையை உயர்த்தும் மாட்களை ரசிகர்களே செய்து தருகிறார்கள். ஆனால் அவை கணினியில் ஆடுபவர்களுக்கு மட்டும். பிளேஸ்டேஷனிலும் எக்ஸ்பாக்ஸிலும் நான்காம் ஆட்டத்துக்கு மாட் போட முடியாது. தவிர, கேள்வி கேட்டவரின் மகள் கையில் இருக்கும் ஆட்டம் எதைக் காட்டுகிறது என்பதே இங்கே பேச்சு. ஆகவே நான் எட்டுப் பேர் என்ற வரம்போடு நின்றுகொள்கிறேன்; சித்தப்பா குடும்பம் போக மீதி ஏழு பேர்.

4 மே

ஏழு பேருக்கு ஏழு இடம் என்று கட்டில் போட்டதும் கூடம் நிறைந்துவிட்டது. இந்த ஒன்றைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் இரவில் பாய் விரித்து வரிசையாகப் படுப்போம். விடிந்ததும் பாய்களைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால் அதே இடம் சாப்பிடும் இடம். பத்து மணிக்கு மேல் அத்தை அங்கே உட்கார்ந்து தைப்பார். மாலையில் தெருப் பிள்ளைகளுக்கு அப்பா அங்கேதான் டியூஷன் எடுப்பார். ஒரே தரை, மணிக்கு மணி வேறு வேலை. அடிப்படை ஆட்டத்தில் இதற்கு வழியே இல்லை. தூங்கக் கட்டில் வேண்டும். கட்டில் பகல் முழுவதும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும்.

காரணம் ஆட்டத்தின் அடித்தளத்திலேயே இருக்கிறது. சிம்களின் அறிவு சிம்களிடம் இல்லை, பொருள்களிடம் இருக்கிறது. குளிர்பெட்டி தன்னைச் சுற்றி, என்னிடம் வந்தால் பசி தீரும் என்று ஓயாமல் கூவிக்கொண்டிருக்கிறது. தொலைக்காட்சி கேளிக்கைக்கும் கட்டில் தெம்புக்கும் கூவுகின்றன. சிம் தனக்கு எந்தத் தேவை மிகவும் இறங்கியிருக்கிறது என்று பார்த்து, அதற்காக உரக்கக் கூவும் பொருளை நோக்கி நடக்கிறது. முதல் ஆட்டத்திலிருந்தே அடிப்படை இதுதான். மிகவும் புத்திசாலித்தனமான ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. புதிய பொருள் ஒன்றைச் சேர்த்தாலே மனிதர்களுக்குப் புதிய பழக்கம் வந்துவிடுகிறது, அதனால்தான் கால் நூற்றாண்டாகத் தனியாக விற்கும் கூடுதல் தொகுப்புகளைக் கூட்டிக்கொண்டே போக முடிகிறது. ஆனால் சுருட்டி வைத்த பாய் கூவுவதில்லை. வெறுந்தரையும் கூவுவதில்லை. பொருள் குறைவாகவும் ஏற்பாடு மிகுதியாகவும் உள்ள எங்கள் வீடு, இந்தக் கணக்கில் ஏறக்குறைய காலி வீடு.

கேள்விக்கு என் விடை இதிலிருந்துதான் வருகிறது. பொருளையும் நேரத்தையும் இந்த ஆட்டம் நன்றாக அறிந்திருக்கிறது. ஆட்கள் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை அது அறியவில்லை. அந்த ஒப்பந்தத்தை ஆடுபவர்தான் மனத்தில் வைத்துக்கொண்டு நடத்த வேண்டும்.

5 மே

அக்னி நட்சத்திரம் நேற்றுத் தொடங்கிவிட்டது, வெயில் இருக்கிறதா என்று கேட்டவருக்கு: 2018இல் வந்த சீசன்ஸ் தொகுப்பில் இருக்கிறது. கடும் வெயிலில் தடித்த உடையோடு வெளியே நிறுத்தினால் சிம் இறந்தே போகும். ஆனால் காலங்கள் நான்கும் சம அளவில் பங்கு போட்டுக்கொள்கின்றன. நம் ஊர் ஆண்டு அப்படிப் பிரிவதில்லை.

6 மே

தண்ணீரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

ஆட்டத்தில் கட்டணம் கட்டாவிட்டால் மின்சாரமும் தண்ணீரும் நிற்கும்; கட்டினால் குழாயில் எப்போதும் தண்ணீர். வேலூரில் கட்டணம் கட்டியவருக்கும் தண்ணீர் வரும் நாள் என்று ஒன்று உண்டு. காவிரித் தண்ணீர் குடிக்க, போர் தண்ணீர் புழங்க என்று இரண்டு கணக்கு. பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு டேங்கர் வண்டிக்குக் குடம் வரிசை போட்ட கோடைகளை இங்கே பலர் பார்த்திருப்பார்கள்.

அதை ஆட்டத்துக்குள் கொண்டுவர நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். பின்கட்டில் ஒரு தொட்டியை வைத்து, வாரத்தில் இரண்டு விடியற்காலைகளில் யாராவது ஒரு சிம் நான்கரை மணியிலிருந்து ஆறரை மணி வரை அங்கேயே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த நேரத்தில் தூங்குவதோ சமைப்பதோ கூடாது. அம்மா சிம்மை நிறுத்தினேன். மற்ற ஆறு பேரின் நாளில் எந்த மாற்றமும் இல்லை. அவருடைய தெம்புக் கோடு மட்டும் பிற்பகல் இரண்டு மணிக்கே மஞ்சளாகிவிட்டது; மாலையில் சிவந்துவிட்டது. கேளிக்கைக் கோடு அதற்கு முன்பே சிவப்பு. மற்றவர்கள் கூடத்தில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

11 மே

நேற்று மாலை அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சிம்கள் பேசுவது எந்த மொழியும் இல்லை. ஆகவே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. யார் கோபமாக இருக்கிறார், யார் சமாதானம் சொல்கிறார் என்று அம்மாவுக்கு உடனே பிடிபட்டது.

இரவுச் சாப்பாடு முடிந்து ஏழு தட்டுகள் ஏழு இடத்தில் கிடந்தன. ஒன்று மாடிப்படியில். ஒன்று தாத்தாவின் கட்டில் அருகே தரையில். அம்மா சிம் நான் சொல்லாமலே எழுந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவத் தொடங்கினார்.

"அந்தப் பொண்ணு காலையில இருந்து ஒரு நிமிஷம் உட்காரலையே" என்றார் அம்மா.

தூய்மை விரும்பி என்ற குணத்தை அவருக்குக் கொடுத்திருக்கிறேன், அந்தக் குணம் உள்ளவர்கள் தாமாகவே எழுந்து கழுவுவார்கள், கழுவினால் அவர்களுக்கு மகிழ்ச்சியும் கூடும் என்று விளக்கினேன். திரையில் அந்த மகிழ்ச்சிக் குறியும் அப்போது வந்தது.

"அவளுக்குப் பிடிக்கும்னு யாரு சொன்னது?"

அதற்கு மேல் அம்மா எதுவும் கேட்கவில்லை. சற்று நேரம் பார்த்துவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டார். நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டு யோசித்தேன். ஒருவர் சுமையை அவருடைய சுபாவம் என்று எழுதிவிட்டால், அந்தச் சுமை எந்தக் கணக்கிலும் ஏறாமல் போகிறது. ஆட்டத்தில் அதை நாம் ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறோம்.

குணத்தை மாற்றினேன். யாருக்கும் தூய்மை விரும்பி இல்லை. தட்டுகள் குவிந்தன, ஈ மொய்த்தது, எல்லோருக்கும் எரிச்சல் வந்தது. பிறகு சாப்பிட்டவர் தம் தட்டைத் தாமே கழுவ வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் கட்டளை கொடுத்தேன். ஒவ்வொருவருக்கும் சில நிமிடங்களே போயின. அம்மா சிம் ஒன்பது மணிக்கெல்லாம் திண்ணையில் அத்தையோடு உட்கார்ந்திருந்தார். கேளிக்கையும் உறவாடலும் சேர்ந்தே ஏறின.

12 மே

முதல் ஆட்டத்திலேயே தலைமுறை தலைமுறையாக ஆடியதாக ஒருவர் எழுதியிருக்கிறார். அது இரண்டாம் ஆட்டமாக இருக்க வேண்டும். முதல் ஆட்டத்தில் பிள்ளை எப்போதும் பிள்ளையாகவே இருக்கும். வளர்வதும் முதுமை அடைவதும் பெற்றோர் சாயல் பிள்ளைக்கு வருவதும் 2004இல் வந்த இரண்டாம் ஆட்டத்தில்தான். இரண்டையும் இந்த ஆண்டு ஜனவரி 31 அன்று புதிய கணினிகளுக்கு ஏற்றவாறு மறுபடி வெளியிட்டிருக்கிறார்கள். ஒப்பிட விரும்புபவர்கள் ஒப்பிடலாம்.

இதோடு சேர்த்து இன்னொன்று. நான்காம் ஆட்டம் 2014 செப்டம்பரில் வந்தபோது நடை பழகும் பருவத்துக் குழந்தைகளே அதில் இல்லை. தொட்டிலிலிருந்து நேராகப் பள்ளி செல்லும் வயதுக்குத் தாவினார்கள். 2017 ஜனவரியில்தான் அந்தப் பருவம் சேர்க்கப்பட்டது. தவழும் குழந்தை 2023 மார்ச்சில் வந்தது. ஒரு வீட்டின் நேரத்தை மிகுதியாக எடுத்துக்கொள்ளும் வயதுகள் இவை. அவை இல்லாத ஆட்டத்தில் வீடு ஒழுங்காக நடந்ததில் வியப்பில்லை.

18 மே

சித்தப்பா வீட்டுச் சிக்கலுக்கு வருகிறேன். 2023 டிசம்பரில் வந்த ஃபார் ரென்ட் தொகுப்பில் ஒரே மனையில் ஆறு குடியிருப்புகள் வரை கட்டலாம். ஒவ்வொன்றும் தனிக் குடும்பம், தனிப் பணப்பை. முற்றமும் படிக்கட்டும் பொது. தென்கிழக்காசிய ஊர்களை ஒட்டி உருவாக்கிய டோமரங் என்ற ஊரும் அதில் உண்டு. நாம் ஒண்டிக்குடித்தனம் என்று சொல்லி வளர்ந்ததற்கு இந்த ஆட்டம் மிக நெருங்கி வந்த இடம் இதுதான். ஒரே மனையில் தனித்தனி அடுப்பு எரிகிறது. பக்கத்துப் போர்ஷனில் நடப்பதைச் சுவரில் காதை வைத்துக் கேட்கக்கூட முடிகிறது. சுவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்ததைக் கவனிக்காமல் விட்டால் குடியிருப்பவர் இறக்கவும் கூடும். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் பழைய சுவர்களைப் பார்த்தவர்களுக்கு இது மிகையாகத் தோன்றாது.

எங்கள் மாடியில் இரண்டு போர்ஷன்களை வாடகைக்கு விட்டிருந்தோம். வேலூரைத் தெரிந்தவர்களுக்கு வாடகைக்கு வருபவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. 1900இல் ஐடா ஸ்கடர் சிறியதாகத் தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். அவர்களோடு கூட இருப்பவர்களும் வருகிறார்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பலகை வைக்காத கடை குறைவு. எங்கள் மாடிக்கு வந்தவர்களும் ஒரு மண்ணெண்ணெய் அடுப்போடும் நான்கு பாத்திரங்களோடும் வருவார்கள். சிகிச்சை எத்தனை நாள் என்று அவர்களுக்கே தெரியாது. வாடகையை மாதக் கணக்கில் பேசாமல் நாள் கணக்கில் பேசுவார் பாட்டி. அறுவைச் சிகிச்சை நாளில் வாடகை கேட்கக் கூடாது என்பது அவர் வைத்திருந்த முறை.

ஆட்டத்தில் வாடகையைக் கூட்டலாம், குறைக்கலாம், விதி போடலாம், விதியை மீறினால் கண்டிக்கலாம். பாட்டி வைத்திருந்த முறைக்கு அங்கே இடமில்லை. அதையும் நானே மனத்தில் வைத்துக்கொண்டு ஆட வேண்டியிருந்தது. 2015இல் வந்த கெட் டு வொர்க் தொகுப்பில் மருத்துவமனை உண்டு, மருத்துவராக வேலையும் செய்யலாம். நான் ஆடியவரை நோயாளிகள் தனியாகவே வந்து படுத்துக்கொண்டார்கள். கூட இருப்பவர் என்று எவரும் வரவில்லை. எங்கள் ஊர் ஓடுவதே கூட இருப்பவர்களால்தான்: அவர்களுக்கு அறை, அவர்களுக்குச் சாப்பாடு, அவர்களுக்குக் காட்பாடி ரயில் நிலையத்திலிருந்து ஆட்டோ.

19 மே

இங்கே சொன்ன எல்லாத் தொகுப்புகளையும் வாங்க வேண்டுமா என்பவருக்கு: வேண்டாம். அடிப்படை ஆட்டம் 2022 அக்டோபர் முதல் இலவசம். நான் 28 ஏப்ரலிலும் 11 மேயிலும் எழுதியவை அனைத்தும் அதிலேயே நடக்கும். காசு செலவழிப்பதானால் ஃபார் ரென்ட் ஒன்று போதும், அதுவும் தள்ளுபடி வரும்போது.

1 ஜூன்

கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார். பணச் சொல்லைத் தட்டாமல் எட்டுப் பேர் குடும்பம் ஒன்றை மகள் நடத்திக்கொண்டிருக்கிறாளாம், படங்களையும் அனுப்பியிருக்கிறார். ஆத்தாவைக் கீழ் அறையில் வைத்திருக்கிறாள், அதை முதலில் கவனித்தேன். இவ்வளவு யோசித்த பிள்ளை என்பதால் இரண்டு செய்திகளைச் சொல்கிறேன்.

ஒன்று, தன்னிச்சையாக இயங்கும் அமைப்பை ஒரு நாள் முழுவதும் அணைத்துவைத்து ஆடச் சொல்லுங்கள். யாரும் தாமாக எதையும் செய்ய மாட்டார்கள். குளிப்பது முதல் குப்பை கொட்டுவது வரை ஒவ்வொன்றையும் அவளே சொல்ல வேண்டும். அன்றைய இரவில் யார் பெயரை எத்தனை முறை சொடுக்கினாள் என்று அவளிடமே கேளுங்கள். என் வீட்டில் விடை அம்மா என்று வந்தது. உங்கள் வீட்டில் அவள் யாரை மனத்தில் வைத்துக் கட்டியிருக்கிறாள் என்பதைப் பொறுத்து மாறலாம்.

இரண்டாவது, படத்தில் கழிவறை மாடியில் மட்டும்தான் தெரிகிறது. ஆத்தா சிம் படியேறி இறங்கியே இரவுத் தூக்கத்தைப் பாதி இழந்துவிடுவார், காலையில் தெம்பு ஏறியிருக்காது. அடுக்களைக்குப் பின்னால் இடம் இருக்கிறது. மலிவான கழிப்பறை ஒன்றை அங்கே வைத்து, கதவைத் தாழ்வாரப் பக்கம் திறக்கும்படி மாற்றினால் போதும்.